ஒன்பதாவது வரி

மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த மாடிவீட்டு அக்கா, இரண்டு ஐம்பதுக்குப் போன் செய்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். பின்னால் யாரோ வாயைத் திறந்தபடியே முனகுவது கேட்டது.

"சாரி கண்ணு. டாக்டர் விடமாட்டேங்கிறார். வரிசையா உக்காந்திருக்காங்க. ஆறு மணிக்கு மேல வரட்டுமா?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்க்கா."

"அய்யய்யோ."

அந்த வீட்டின் இளையவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. பால்கனித் தகரத்தில் விழும் சத்தம் பதிவில் கேட்கக்கூடாதென்று ஜன்னல்களை முன்பே சாத்தியிருந்தாள். அறை புழுங்கியது.

அனுப்ப வேண்டியது, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டு அறையில் கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒரு கம்பெனிக்கு. மொத்தம் ஏழு பேர். இரண்டு வருஷமாக வேலை கேட்டு அவள் எழுதிப் போட்டதில் மனிதர் கைப்பட பதில் வந்தது அங்கிருந்துதான். ஒரு பரீட்சை வைத்தார்கள். கிட்டத்திலிருந்து பார்த்த ஒரு வேலையை வைத்து ஒரு வாரத்தில் சின்னதாக ஒரு கேம் செய்ய வேண்டும். அதை முன்பின் பார்த்தே இராத ஒருவரைக் கால் மணி நேரம் ஆடவிட்டு, திரையையும் அவர் குரலையும் பதிய வேண்டும். செய்தவர் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக்கூடாது. பதிவை எங்கும் வெட்டக்கூடாது. கூடவே பன்னிரண்டு கேள்விகள் உள்ள ஒரு தாள். இதைச் சோதித்தீர்களா, அதைச் சோதித்தீர்களா என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். எல்லாம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். பதில் திங்கள் காலை.

திங்கள் மதியம் அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே அம்மாவுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. மேற்பார்வையாளரிடம் சொல்லி மகளுக்கும் இடம் பிடித்துவிட்டாள். அப்பா வீட்டில் உட்கார்ந்து ஏழு வாரம் ஆகிறது. "இந்தப் பரீட்சைதான் கடைசி. தேறலைன்னா பேசாம என்கூட வந்துடு" என்று அம்மா சொல்லி முடித்திருந்தாள். மகளும் தலையாட்டியிருந்தாள்.

அண்ணன் சமையலறையில் நின்றபடியே சோற்றில் முட்டையைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் ரிப்பேர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், மழையைச் சாக்கு வைத்து நின்றுவிட்டான்.

"என்னாச்சு? கம்பி நீட்டிட்டாளா?"

"வேலையாம்."

"நான் ஆடுறேன். குரலை மாத்திக்கிறேன். 'ஆஹா, இது என்ன விளையாட்டு, நான் பார்த்ததே இல்லையே.' எப்படி?"

"நாடகத்துக்கு ஆள் எடுக்கல."

"எனக்கென்ன குறைச்சல்?"

"நாப்பது தடவை ஆடியிருக்கே. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவே. பார்த்ததும் தெரிஞ்சிடும்."

"அப்ப தெருவுல போய் யாரையாவது பிடி."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"நான் ஆடக்கூடாதா?"

உள்ளறை வாசலில் அப்பா நின்றிருந்தார். கையில்லாத பனியன். ஏழு வாரமாக மத்தியானங்களில் அவர் தூங்குவதில்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இந்த வீட்டில் அந்த கேமைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அவள்தான் காட்டவில்லை. அவர் வந்தால் லேப்டாப்பை மூடுவாள்.

ஏனென்றால் அவள் கிட்டத்திலிருந்து பார்த்த வேலை அவருடையதுதான். கிடங்கில் சரக்கைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற வேலை. பத்தொன்பது வருஷம். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் தம்ளரையும் வைத்து, இப்படி நுழைந்தேன், இப்படித் தூக்கினேன் என்று அவர் சொல்லக் கேட்டே வளர்ந்தவள். ஏழு வாரத்துக்கு முன்னால், கிடங்கில் ஒரு முனை திரும்பும்போது, பெட்டி பிரிக்கும் வேலைக்காரப் பையன் ஒருவனின் பாதத்தின்மேல் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எல்லாரும் அவனைச் சுருட்டை என்பார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று அப்பாவை அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை கடைசி விசாரணை. ஹாரன் அடித்தேன் என்று அப்பா சொல்லியிருந்தார். கேட்கவில்லை என்று சுருட்டை சொல்லியிருந்தான். அதன்பிறகு உப்பு டப்பா உப்பு டப்பாவாகவே இருந்தது.

"உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இல்லையேப்பா" என்றாள்.

"பழக்கம் இல்லாத ஆள்தானே வேணும்? அவன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். தட்டை வைத்துவிட்டு, "மணி மூணு அஞ்சு" என்றான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்க என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லக்கூடாதுப்பா. மனசுல என்ன தோணுதோ வாய்விட்டுப் பேசணும். அவ்வளவுதான்."

"நீ பேசாம இருக்கணுமா? கால் மணி நேரமா?" அண்ணனைப் பார்த்தார். "இந்தப் பரீட்சை இவளுக்கா எனக்கா?"

அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அவள் பதிவை முடுக்கினாள்.

திரையில் கிடங்கு வந்தது. மேலிருந்து பார்க்கிற மாதிரி. சாம்பல் நிறத் தரை, இரண்டு பக்கமும் அடுக்குகள், நடுவே மஞ்சள் வண்டி. அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார்.

"நம்ம மூணாம் நம்பர் குடோன்" என்றார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கதவுகூட அதே பக்கம் வெச்சிருக்கா." அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. "சரி. எப்படி ஓட்டுறது? சொல்லமாட்டே. அம்புக்குறி இருக்கு. இதுவாத்தான் இருக்கும்."

வண்டி நகர்ந்தது. ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம். அதற்குள் அடுக்கிலிருக்கும் சரக்குகளை எடுத்து லாரியில் ஏற்ற வேண்டும். அண்ணன் பன்னிரண்டு ஏற்றுவான். தூக்கிய சரக்கைத் தூக்கியபடியே, முனைகளில் உரசிக்கொண்டு பறப்பான். அப்படித்தான் ஆடவேண்டும் என்று அவளும் நினைத்திருந்தாள்.

அப்பா சரக்கை எடுத்ததும் கீழே இறக்கினார். தரைக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"உசரத்துல வெச்சுக்கிட்டு திரும்பினா சாய்ஞ்சிடும்" என்றார்.

அவள் செய்த வண்டி எப்படித் திரும்பினாலும் சாயாது. சொல்ல வாயெடுத்து, உதட்டை மடித்துக்கொண்டாள். முதல் சுற்றில் மூன்று ஏற்றினார். 'நேரம் முடிந்தது' என்று வந்தது. "அதுக்குள்ளயா? இது எந்த முதலாளி வெச்ச நேரம்?" என்றார். சமையலறையில் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இரண்டாம் சுற்றில் ஐந்து. ஒவ்வொரு முனையிலும் நின்றார். நின்று, விசைகளின்மேல் விரலால் தடவினார்.

"ஹாரன் எங்க?"

அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஹாரன் இல்லாம முனை திரும்பக்கூடாதே." ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். எதுவும் சத்தம் போடவில்லை.

மூன்றாம் சுற்றில்தான் ஆள் வருவான். நீலச் சட்டை போட்ட சின்ன உருவம், நடைபாதையைக் குறுக்கே கடப்பான். அவன்மேல் இடித்தால் பத்து மதிப்பெண் போகும். அண்ணன் அவனைச் சுற்றி ஒடித்து ஓட்டுவான், அவசரமென்றால் இடித்துவிட்டுப் போவான். பத்துதானே.

அப்பா அவனைப் பார்த்ததும் நிறுத்தினார்.

நீலச் சட்டைக்காரனும் நின்றான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மஞ்சள் வண்டி முன்னால் போனால்தான் அவன் கால் எடுத்து வைப்பான். வண்டிக்கு நேர் எதிரே சரியாக வந்து சேரவேண்டும் என்று, அவன் நடையை வண்டியின் ஓட்டத்தோடு கட்டிப் போட்டிருந்தாள். சுலபமான வழி. வண்டி நின்றால் அவன் என்ன செய்வான் என்று அவள் பார்த்ததில்லை. இந்த ஒரு வாரத்தில் அவளோ அண்ணனோ ஒரு தடவைகூட அவனுக்காக நின்றதில்லை.

"போப்பா" என்றார் அப்பா.

அவன் நடுப்பாதையில் நின்றான்.

"நான் நிக்கிறேன்ல. நீ போ." வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து இடம் விட்டார். அவன் அசையவில்லை. பக்கத்தில் ஒரு வண்டி உரசிப் போகிற இடம் இருந்தது. அவர் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

திரையின் மூலையில் நேரம் ஓடியது. இரண்டு நிமிடம். ஒன்றரை. மழை வலுத்தது. அவள் காதுக்குப் பின்னாலிருந்து வியர்வை வழிந்து கழுத்தில் இறங்கியது. ஒரே ஒரு வார்த்தை போதும். சும்மா முன்னால போங்கப்பா, அவன் நகருவான். ஒரு வார்த்தை சொன்னால் பதிவு செத்தது.

'நேரம் முடிந்தது. மீண்டும்.'

மறுபடி மூன்றாம் சுற்று. மறுபடி அதே முனை. அப்பா நின்றார். அவனும் நின்றான்.

அப்பாவின் கட்டைவிரல் மேசை ஓரத்தில் ஓர் இடத்தை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. அங்கே விசை எதுவும் இல்லை, வெறும் பலகை.

"அடிக்கிறேன்டா" என்றார். "அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன். கேக்கலையா உனக்கு?"

அண்ணன் சமையலறை வாசலுக்கு வந்து நின்றான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நேரம் ஓடி முடிந்தது. கால் மணி ஆனதும் அவள் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

"அவன் போகவே இல்லையே" என்றார் அப்பா.

"போகமாட்டான்ப்பா. என் தப்பு."

"நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன்."

"நீங்க பண்ணது சரி. கேம்தான் தப்பு."

அண்ணன் உள்ளே வந்தான். "மணி மூணு இருபத்தஞ்சு. இன்னும் நேரம் இருக்கு. அந்த ஆளைச் சரிபண்ணு. பத்து நிமிஷ வேலை. அப்புறம் அப்பாவையே இன்னொரு தடவை ஆட வை."

"முன்னாடி பார்க்காதவங்க ஆடணும்டா."

"யாருக்குத் தெரியும்? அப்பாவைப் பார்த்தா எத்தனை தடவை ஆடினாலும் புது ஆள் மாதிரிதான் இருக்கும்."

"இதை அனுப்பினா?"

"அனுப்பேன். பாதி நேரம் ஒரு வண்டி சும்மா நிக்குது. பார்த்துட்டு மாலை போடுவாங்க."

அவள் பன்னிரண்டு வரித் தாளைத் திரையில் திறந்தாள். புதன்கிழமையே நிரப்பி வைத்திருந்தது. ஒரே மூச்சில், மேலிருந்து கீழாக, பன்னிரண்டு டிக். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஒன்பதாவது வரியில் விரலை வைத்தார்.

"ஆடுபவர் எதுவும் செய்யாமல் நின்றால் என்ன ஆகிறது என்று சோதித்தீர்களா." நிதானமாகப் படித்தார். "இதுல டிக் போட்டிருக்கே."

"ஆமா."

"பார்த்தியா?"

"இல்லப்பா."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் மேசைமேலிருந்த தம்ளரை எடுத்து, காலி என்று பார்த்து, திரும்ப வைத்தார்.

"எங்களுக்கும் ஒரு தாள் உண்டு. பதினாலு வரி. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்கணும். பிரேக், சங்கிலி, எண்ணெய், விளக்கு. ஆறாவது வரி ஹாரன்."

அண்ணன், "அப்பா" என்றான்.

"இரு. அந்த வண்டியில ஹாரன் அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமா வேலை செய்யல. எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தா குடோன் மேனேஜர் வண்டியை நிறுத்திடுவான். வண்டி நின்னா லோடு நிக்கும். அதனால எல்லாரும் டிக் போட்டோம். நானும் போட்டேன். அன்னைக்குக் காலையிலயும் போட்டேன்."

"ஆனா ஹாரன் அடிச்சேன்னு சொன்னீங்களே" என்றாள்.

"அடிச்சேன். சாமி சத்தியமா அடிச்சேன். முனை வந்தா கட்டைவிரல் தானா போகும். பத்தொன்பது வருஷப் பழக்கம். அழுத்தினேன். சத்தம் வரல." கட்டைவிரலைப் பார்த்தார். "அடிச்சியான்னு கேட்டாங்க. அடிச்சேன்னேன். சத்தம் வந்துச்சான்னு யாரும் கேக்கல."

அண்ணன் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான்.

"இதை வெளியில எங்கயும் சொல்லிடாதீங்க" என்றான் அண்ணன். அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "கையெழுத்து இருக்கு. வேலையே போயிடும்."

"அந்தப் பையனுக்கு ரெண்டு கால்விரலை எடுத்துட்டாங்கடா. கேக்கலைன்னு சொன்னதுக்கு, காதுல பாட்டு மாட்டியிருந்தான், பொய் சொல்றான்னு அவன்மேல எழுதி வெச்சிருக்காங்க."

அவள் தாளைப் பார்த்தாள். ஒன்பதாவது கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தாள். பக்கத்தில் தட்டினாள்: 'சோதிக்கவில்லை. சோதிக்காமலேயே டிக் போட்டிருந்தேன். பதிவில் ஏழாம் நிமிடத்திலிருந்து பார்க்கவும்.' மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவதையும் பதினொன்றாவதையும் அவள் உண்மையில் சோதித்ததில்லை. அவற்றையும் எடுத்தாள். தாளில் மூன்று ஓட்டை விழுந்தது.

"பைத்தியம்" என்றான் அண்ணன். ஆனால் தடுக்கவில்லை.

"அப்பா, இதுல நீங்க பேசினதும் இருக்கு. வெட்டக்கூடாது. உங்களுக்கு வேண்டாம்னா சொல்லுங்க, அனுப்பல."

அப்பா யோசித்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"எத்தனை பேர் கேப்பாங்க?"

"ஏழு பேர்."

"திங்கக்கிழமை மூணு பேர்கிட்டதான் பேசணும். இது ஒத்திகையா இருக்கட்டும். அனுப்பு."

அம்மா ஆறரைக்கு நனைந்து வந்தாள். கைகளில் சோப்புத்தூள் வாசனை. தலையைத் துவட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டாள். துண்டு ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"ஆக, ஒரே மத்தியானத்துல அப்பனும் மகளும் சேர்ந்து ரெண்டு வேலைக்கும் உலை வெச்சாச்சு."

"இன்னும் எதுவும் ஆகல" என்றார் அப்பா.

"அடிச்சேன்னு சொன்னது பொய் இல்லையே? அதோட விட்டுடுங்களேன். யார் கேட்டா?"

"உன்னையே கேளேன். அந்தப் பையனோட அம்மா கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"என்னைய ஏன் இழுக்கிறீங்க? நான் விரிப்பு மடிக்கிறவ. ஓரத்தோட ஓரம் சேர்ந்தா முடிஞ்சது." ரொட்டியை மேசைமேல் வைத்தாள், கொஞ்சம் ஓங்கியே. "சாப்பிடுங்க. பட்டினி கிடந்து யோக்கியமா இருக்க வேண்டாம்."

அந்தச் சனியும் ஞாயிறும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஞாயிறு சாயங்காலம் அம்மா சலவைக்கூடத்துச் சீருடை ஒன்றை மகள் அளவுக்குப் பிடித்துத் தைத்து, நாற்காலி முதுகில் போட்டாள். வெளிர்பச்சை. இளையவள் அந்த நாற்காலியில் உட்காராமல் சுற்றிப் போனாள்.

திங்கள் காலை அப்பா முழுக்கைச் சட்டை போட்டு ஒன்பதரைக்குக் கிளம்பினார். அம்மா அவர் காலரைச் சரிசெய்தாள். மதிய முறை வேலை என்பதால் அவளும் வீட்டில்தான் இருந்தாள். துவைத்ததையே துவைத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. கரகரத்த பெண் குரல்.

"உங்க கேம் பார்த்தோம். அவ்வளவா நல்லா இல்ல."

"சரிங்க மேடம்."

"வண்டி எப்படித் திரும்பினாலும் சாய மாட்டேங்குது."

"ஆமாங்க."

"ஆடினவர் யாரு?"

"எங்கப்பா. அந்த வண்டி ஓட்டுறவர்."

"அந்த ஆறு நிமிஷம் நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எப்படி வாயைத் திறக்காம இருந்தீங்க?"

"திறக்கக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கரகரத்த குரல் சிரிக்கவில்லை. "மத்த எல்லாரும் பன்னெண்டும் டிக் போட்டு அனுப்பியிருக்காங்க. நாங்க ஆடிப் பார்த்தோம். அதுல பாதி பொய். எங்களுக்கு ஆடிச் சோதிக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும். மூணு மாசம் அந்த வேலை பாருங்க. அதுக்கப்புறம் கேம் செய்யறதைப் பத்திப் பேசலாம். புதன்கிழமை வரமுடியுமா?"

அவள் செய்ய விரும்பியது அதுவல்ல. ஆனால் அந்த வேலையும் அந்த இரண்டு அறைக்குள்தான் இருந்தது.

"வர்றேன்" என்றாள்.

அம்மா ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீருடையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள். அலமாரிக்குள் வைத்தாள். அலமாரியைச் சாத்தாமல் விட்டாள்.

அப்பா ஒரு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"எழுதிக்கிட்டாங்க. பதினாலு வரித் தாள் ரெண்டு வாரத்துக்கும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எல்லாத்துலயும் ஆறாவது வரியில டிக் இருந்துச்சு. அஞ்சு பேர் கையெழுத்து." தண்ணீர் குடித்தார். "வண்டிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. சுருட்டை மேல எழுதினதைக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க. என் எதிர்லயே அடிச்சாங்க."

"அப்ப வேலை?"

"தெரியல."

அம்மா பை எடுத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "சோறு மூடி வெச்சிருக்கேன்" என்றாள். "மக சொல்றதைக் கேளுங்க. அவளுக்கு ஏதோ கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் போனில் வந்ததைச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டியபடி கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

"அவன் இப்ப போறானா?"

"காலையிலதான் சரிபண்ணேன். இன்னும் பார்க்கல."

"ஓட்டு."

அவள் மஞ்சள் வண்டியை அந்த முனைவரை கொண்டுவந்து நிறுத்தினாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவும் மேசைமேலிருந்து கையை எடுத்துக்கொண்டார். நீலச் சட்டைக்காரன் அடுக்கின் மறைவிலிருந்து வந்தான். நடுப்பாதைக்கு வந்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் வண்டியின் முன்னால் நடந்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்தான்.

"இன்னொரு தடவை வரட்டும்" என்றார் அப்பா.

காத்திருந்தார்கள்.